நாட்காட்டி பார்த்தா, பூவைப் பார்த்தா?

யூதர்களின் அன்றாட வாழ்வில் துதிமொழிகளுக்குக் குறைவே இல்லை. ரொட்டியைப் பிட்கும்போது ஒன்று, திராட்சை ரசம் அருந்தும்போது ஒன்று, இடி முழங்கினால் ஒன்று, நெடுநாள் கழித்துக் கடலைக் கண்டால் ஒன்று. இவற்றுக்கு நடுவே, ஆண்டுக்கொரு முறை மட்டும் சொல்லும்படி அமைந்த ஒரு சிறிய துதி இருக்கிறது. பூத்து நிற்கும் பழமரங்களைப் பார்த்துச் சொல்வது அது. எபிரேய மொழியில் 'பிர்க்கத் ஹாஇலானோத்' என்பார்கள். தன் உலகத்தில் எந்தக் குறையும் வைக்காமல், மனிதர் கண்டு மகிழ நல்ல உயிர்களையும் நல்ல மரங்களையும் படைத்த இறைவனுக்கு நன்றி என்பது அதன் சாரம். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதை எப்போது சொல்ல வேண்டும் என்ற கேள்வியில் யூதச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக இரு அணியாக நிற்கிறார்கள். யூத நாட்காட்டியின் வசந்த மாதமான நிசானில் மட்டுமே சொல்லலாம் என்பது ஓர் அணி. எந்த மாதமானாலும் மரம் பூத்தால் சொல்லலாம் என்பது மற்றது. இரண்டாவது அணியின் பக்கமே நியாயம் இருக்கிறது என்பதும், இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு நுணுக்கமும் மனிதனை வெளியே வரவழைத்து மரத்தைப் பார்க்க வைக்கவே அமைந்தது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

மூலத்திலிருந்து தொடங்குவோம். மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனிய யூதர்களிடையே, யூப்ரட்டீஸ் கரையில் பும்பெதித்தா என்ற ஊரின் கல்விச்சாலையை நிறுவியவர் ராவ் யெகூதா. நிசான் நாட்களில் வெளியே போகிறவர், மரங்கள் பூத்திருப்பதைப் பார்த்தால் இந்தத் துதியைச் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னதாக, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் பதிவு செய்கிறது. மாதம், வெளியே போதல், பார்த்தல் என மூன்று செய்திகள் இதில் உள்ளன. எது நிபந்தனை, எது வெறும் வருணனை? அந்த நிலப்பகுதியில் நிசான் மாதம் என்றாலே தோட்டங்கள் சுறுசுறுப்பாகும் காலம். பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாளான நிசான் 14-இல் எரிகோ ஊரார் நாள் முழுக்கப் பேரீச்ச மர வேலையில் இருப்பார்கள் என்று, தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா சொல்கிறது. ஆண் மரத்துப் பாளையை எடுத்துப் பெண் மரத்தில் வைக்கும் வேலை அது என்று தல்மூத் விளக்குகிறது. மரமேறித் தன் கையால் மகரந்தம் சேர்க்கும் மக்கள் இருந்த உலகத்தில், பூக்கும் காலத்தைச் சொல்ல வந்தவர் வாயில் நிசான் என்ற பெயர் இயல்பாகவே வந்திருக்கும். அதையே சட்டத்தின் எல்லைக்கல்லாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதற்குத் தல்மூதுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. உலகம் படைக்கப்பட்டது நிசானிலா, இலையுதிர் காலத் திஷ்ரி மாதத்திலா என்று ரபி யெகோசுவாவும் ரபி எலியேசரும் வாதிடும் பகுதி ரோஷ் ஹஷானா என்ற பிரிவில் வருகிறது. அங்கே, சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கிய 'சீப்' மாதம் மரங்கள் பொலிவு பெறும் மாதம் என்று காட்டுவதற்காக, ராவ் யெகூதாவின் இதே வாக்கு மேற்கோளாக வருகிறது. ஆனால் வேதத்தின் கணக்கில் சீப் இரண்டாம் மாதம். அதாவது நிசானுக்கு அடுத்து வரும் ஈயார். நிசானைக் குறிப்பிடும் ஒரு வாக்கை ஈயாருக்கு ஆதாரமாக வைப்பதில் தல்மூதுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பூக்கும் பருவம் என்ற பொருளிலேயே அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் வந்த, ஸ்பெயினின் செவில்லே நகரத்தவரான ரித்வா என்ற அறிஞர், இந்தப் பகுதிக்கு எழுதிய உரையில், நிசான் என்றால் நிசான்தான் என்று கொள்ள வேண்டாம், ஒவ்வோர் ஊரிலும் மரம் பூக்கும் காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். அவர் சொல் முக்கியமானது. மாதத்தைத் தளர்த்தியது குளிர்நாட்டு ரபிகள் தங்கள் வசதிக்காகச் செய்த சலுகை என்ற பேச்சு அவ்வப்போது எழும். செவில்லே குளிர்நாடு இல்லை. அங்கே வசந்தம் சீக்கிரமே வந்துவிடும்.

இன்னும் ஆழமான காரணம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. யூத மாதங்கள் நிலவை ஒட்டி நடப்பவை. பன்னிரண்டு நிலவு மாதங்கள் சூரிய ஆண்டுக்குச் சுமார் 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் நிசான் மாதம் குளிர்காலத்துக்குள் பின்வாங்கிவிடும். பஸ்கா வசந்தத்தில்தான் வர வேண்டும் என்பது வேத விதி. ஆகவே சில ஆண்டுகளில் ஓர் அதிக மாதம் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த முடிவைச் சன்ஹெத்ரின் என்ற உயர் மன்றம் எதை வைத்து எடுத்தது? மூன்று அடையாளங்கள்: வாற்கோதுமைக் கதிரின் முதிர்ச்சி, மரங்களின் காய்ப்பு, சூரியனின் பருவத் திருப்பம். இவற்றில் இரண்டு தவறினால் ஆண்டுக்கு ஒரு மாதம் கூட்டலாம். இங்கே சற்று நிற்க வேண்டும். நிசானைப் பார்த்து மரம் பூக்கவில்லை. மரத்தைப் பார்த்தே நிசான் எப்போது என்று தீர்மானித்தார்கள். ராவ் யெகூதாவின் காதில் நிசான் என்பது கண்ணால் கண்டு உறுதி செய்த ஒரு பருவத்தின் பெயராக ஒலித்திருக்கும்.

அந்தத் தொடர்பு பிற்பாடு அறுந்தது. நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் வகுத்ததாக மரபு சொல்லும் நிலையான கணிதம் வந்தபின், 19 ஆண்டுகளில் 7 முறை அதிக மாதம் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. கதிரையும் காயையும் யாரும் கேட்பதில்லை. விளைவு என்ன? 2013-இல் நிசான் மார்ச் 12 அன்றே பிறந்தது. 2024-இல் ஏப்ரல் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான்கு வார வித்தியாசம். இஸ்ரேலில் வாதுமை ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ இலை விடும் முன்பே வெள்ளையும் வெளிர்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கி, நிசான் பிறக்கும்போது பச்சைப் பிஞ்சோடு நிற்கும். மாதுளையோ நிசான் கடந்தும் பூக்கத் தொடங்கும். மரத்துக்குக் கணிதம் தெரியாது. கணிதத்தால் வந்த நிசானைப் பிடித்துக்கொண்டு பூவைக் கைவிடுவது, சாட்சி சொல்ல வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு வழக்கை நடத்துவது போல.

யூதச் சட்டத்துக்கு ஒரு துதியைக் கணக்கோடு கட்ட வேண்டுமென்றால் அதை எப்படிச் செய்வதென்று நன்றாகவே தெரியும். சூரியனுக்கான துதி 28 ஆண்டுகளுக்கு ஒரு முறை, புதன்கிழமைக் காலையில் சொல்லப்படுகிறது. கடைசியாக 2009 ஏப்ரல் 8-ஆம் தேதி சொன்னார்கள். அடுத்து 2037 ஏப்ரல் 8. ஆண்டுக்கு 365 நாளும் 6 மணி நேரமும் என்ற பழைய கணக்கில் எழுந்த நாள் அது. உண்மையான வசந்த சமநாளிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேல் விலகிவிட்டது. ஆனாலும் யாரும் அதை மாற்றவில்லை. மெல்பர்னிலும் அதே நாள், எருசலேமிலும் அதே நாள். மரத் துதிக்கு இப்படி ஒரு நாளைக் குறிக்க வேண்டுமென்று ரபிகள் நினைத்திருந்தால் நிசான் முதல் தேதி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் எழுதியது, வெளியே போகிறவர் பார்த்தால் என்று.

இந்தப் பார்வையோடு படித்தால் சட்டத்தின் சின்னச் சின்ன விதிகள் எல்லாம் ஒரே திசையில் விரல் நீட்டுகின்றன. இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிடஸ், வயல்வெளிக்கோ தோட்டத்துக்கோ போகிறவர் என்று இடத்தையும் சேர்த்துச் சொல்கிறார். யோசேப்பு காரோவின் 'ஷுல்ஹான் ஆரூக்' என்ற சட்ட நூல் 1565-இல் வெனிஸ் நகரில் அச்சானது. அதன் 226-ஆம் பிரிவு இரண்டு எல்லைகளைப் போடுகிறது: ஆண்டுக்கு ஒரு முறைதான், பழம் பருத்துவிட்டால் பிறகு சொல்லக் கூடாது. இலை துளிர்த்தது மட்டும் போதாது, பூ வேண்டும் என்று அந்நூலுக்கு எழுந்த 'மிஷ்னா பெரூரா' உரை தெளிவுபடுத்துகிறது. ஒரு மரம் போதாது, குறைந்தது இரண்டு இருக்கட்டும் என்பது பரவலான வழக்கம். ஆக, அரும்பு விரிந்ததிலிருந்து காய் திரளும் வரை உள்ள சில வாரங்களே அவகாசம். அந்த இடைவெளியில் ஒருவர் தன் ஊரில் எந்த மரம் எங்கே நிற்கிறது, எது பூத்துவிட்டது, எது பிஞ்சு விட்டுவிட்டது என்று அறிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து தேதியைக் கிழிப்பவருக்கு இந்தத் துதி கிடைக்காது.

பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பழமரம் மட்டும் ஏன், அழகாகப் பூக்கும் மற்ற மரங்களுக்கு ஏன் இல்லை என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் துதியின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. குறையே வைக்காத உலகம் என்று சொல்வதற்கு வெறும் அழகு போதாது. பழங்களைப் பற்றித் தல்மூதின் தொசாபோத் உரையாசிரியர்கள் வேறோர் இடத்தில் பேசும்போது, ரொட்டியும் தண்ணீரும் உயிர்வாழத் தேவையானவை, ஆப்பிள் போன்றவை இன்பத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டவை என்று பிரிக்கிறார்கள். பழமரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது உணவு, ஆனால் உணவின் மகிழ்ச்சி. முற்றுகைப் போரில்கூடப் பழமரத்தை வெட்டாதே என்று உபாகமம் அதற்குத் தனிக் காவல் போட்டிருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தப் பருவத்தின் பழத்தை முதன்முதலாகச் சுவைக்கும்போது சொல்ல வேறு துதி இருக்கிறது. பூவுக்கு நன்றி சொல்லும் வேளையில் கையில் எதுவும் இல்லை. பனி விழுந்தால் பூ கருகும், காற்றடித்தால் உதிரும், காய்க்குமா என்பதே நிச்சயமில்லை. விளைச்சலுக்கான கைம்மாறாக இதைப் பார்க்க முடியாது. கிடைக்கும் முன்பே, கண்ணால் கண்டதற்காக மட்டும் சொல்லும் நன்றி இது.

மாதத்தைப் பிடித்து நிற்பவர்களின் தரப்பை லேசாகத் தள்ளிவிடவும் கூடாது. எருசலேமில் பிறந்து இத்தாலியின் லிவோர்னோவில் மறைந்த ஹிதா என்ற ஹாயிம் யோசேப்பு தாவீது அசூலாய் (1724–1806), கபாலா மறைஞான மரபின்படி இது நிசானுக்கே உரியது என்றார். அந்த மரபில், மறுபிறவியில் செடிகொடிகளில் சிக்கிய ஆன்மாக்களை இந்தத் துதி விடுவித்து உயர்த்துகிறது. அதனால்தான் பத்துப் பேர் கூடி ஊருக்கு வெளியே பழத்தோட்டங்கள் இருக்கும் இடத்துக்குப் போய், தருமம் கொடுத்து, மன்றாடிச் சொல்லும் வழக்கம் மத்திய தரைக்கடல், மத்திய கிழக்கு யூதர்களிடையே வேரூன்றியது. அரை நிமிடச் சொல்லை ஊர்த்திருவிழாவாக உயர்த்திய பெருமை அவர்களுக்கே உண்டு. அதை மனதார மதிக்கலாம். ஆனால் மறைஞானம் சேர்த்த மெருகு, தல்மூத் வகுத்த அடிப்படையைக் குறுக்கும் அதிகாரம் பெறாது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. ஐயம் எழுந்தால் துதியைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இறைவனின் திருப்பெயரை வீணில் உச்சரிப்பது பெரும் பிழை என்பது யூதச் சட்டத்தின் பொது விதி. நிசானில் சொன்னால் இரு அணியும் ஒப்புக்கொள்ளும். முன்போ பின்போ சொன்னால் ஓர் அணியின் பார்வையில் அது வீண். எனவே காத்திருப்பதே பாதுகாப்பு என்கிறார்கள். நிசானிலும் பூ கிடைக்கும் ஊரில் இது முழுக்க நியாயமான யோசனை. எருசலேமில் இருப்பவர் பிப்ரவரி வாதுமையைக் கண்டு அவசரப்படத் தேவையில்லை. பின்னால் பூக்கும் ஆரஞ்சுக்குக் காத்திருக்கலாம். ஆனால் நிசானில் பூவே இல்லாத ஊரில் இந்தப் பாதுகாப்பு, துதியை அடியோடு இழக்கச் செய்கிறது. பழம் பருத்தால் வாய்ப்புப் போயிற்று என்று காரோவே எழுதிவிட்டாரே. பிழைக்கு அஞ்சி ஒரு கடமையை ஆண்டுதோறும் நிரந்தரமாகக் கைவிடுவதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைக்க முடியாது.

இன்றைய பெலரூசில் உள்ள ராதின் என்ற ஊரில் 'மிஷ்னா பெரூரா'வை எழுதிய இஸ்ரவேல் மேயர் காகனுக்கும், அதே நாட்டின் நவஹ்ருதக் நகரில் ரபியாக இருந்த யெகியேல் மிகால் எப்ஸ்டைனுக்கும் இது ஏட்டுக் கேள்வியே இல்லை. அங்கே நிசானில் குளிர் விட்டிருக்காது. ஈயாரில்தான் ஆப்பிள் பூக்கும். இருவருமே நிசானை எல்லையாகக் கொள்ளாமல், அந்தந்த இடத்தின் பருவத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பெண்கள் விஷயமும் இதே திசையில் போகிறது. குறித்த காலத்தோடு கட்டுண்ட கடமைகளிலிருந்து பெண்களுக்கு யூதச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இந்தத் துதி மாதத்துக்கு உரியது என்றால் அவர்களுக்கும் விலக்கு இருக்க வேண்டும். நடைமுறையில் பெண்கள் பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு அறிஞர்கள் சொல்லும் காரணம், இது பூவைச் சார்ந்தது, தேதியைச் சார்ந்தது அல்ல என்பதே.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஜோகன்னஸ்பர்கிலும் மெல்பர்னிலும் நிசான் என்பது இலை உதிரும் காலம். அங்கே பழமரங்கள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் பூக்கின்றன. யூதப் புத்தாண்டும் கூடாரப் பண்டிகையும் வரும் பருவம் அது. ரபி எலியேசரின் கருத்துப்படி உலகம் படைக்கப்பட்ட திஷ்ரி மாதத்தை ஒட்டிய நாட்கள். அங்குள்ள சமூகங்கள் அப்போது மரத்தடிக்குப் போய்த் துதி சொல்கின்றன. ஐயத்தின் பேரில் திருப்பெயரை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்லலாம் என்று அவர்களுக்குச் சிலர் சொல்லும் யோசனை, ரித்வாவின் உரையையும் ராதின், நவஹ்ருதக் ரபிகளின் தீர்ப்பையும் படித்த பிறகு தேவையற்றதாகவே தெரிகிறது. கண்முன் பூத்திருக்கும் மரத்தைப் பார்த்து, திருப்பெயரோடு முழுமையாக அவர்கள் சொல்லலாம்.