காகிதத்தில் உறைந்த ஹாக்கி

ஸ்ரீ சிட்டியில் 2016ஆம் ஆண்டு முதல் பெரியதொரு சாக்லேட் ஆலை இயங்கி வருகிறது. இனிப்பை உண்டபின் அதன் உறையை வீசிவிடுவது நம் அனைவருக்கும் இயல்பு. ஆனால், ஒரு காலத்தில் மிட்டாயோடு வந்த காகித அட்டையொன்று இன்று கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போகிறது. கனடாவின் பழைய ஹாக்கி அட்டைகளின் கதை அது.

நாம் புல்தரையில் ஆடும் ஹாக்கி வேறு. கனடியர் உறைபனித் தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கி வேறு. 1910ஆம் ஆண்டு வாக்கிலேயே அங்குச் சிகரெட் பெட்டிகளில் வீரர்களின் படங்கள் வந்தன. ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் 1911இல் தோன்றிய ஓ-பீ-சீ மிட்டாய் நிறுவனம், 1933இல் ஹாக்கி அட்டைகளை வெளியிடத் தொடங்கியது. சிறுவர்கள் அவற்றைத் தமக்குள் மாற்றிக்கொண்டனர். மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளில் செருகி ஒலியெழுப்பினர். ஆகவே, பழுதின்றி எஞ்சியவை மிகச் சிலவே.

விலையைத் தீர்மானிப்பவை

வெய்ன் கிரெட்ஸ்கி என்னும் மாபெரும் வீரரின் முதல் அட்டை, 1979-80 ஓ-பீ-சீ தொகுப்பின் 18ஆம் எண் அட்டையாகும். அதன் நீல ஓரம் சிறிது உராய்ந்தாலும் வெண்மை தெரிந்துவிடும். தர மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து பெற்ற ஓர் அட்டை, 2021இல் 37.5 லட்சம் டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் ரூ.27 கோடிக்கு, விற்பனையானது. அதே அட்டை மூலை மழுங்கியிருப்பின் அதில் மிகச் சிறு பங்கே கிடைக்கும்.

2024இல் அதே தொகுப்பின் பிரிக்கப்படாத பெட்டியொன்று கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வெளிப்பட்டு, 37.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உள்ளே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். அவற்றுள் கிரெட்ஸ்கி எத்தனை என்பதைப் பிரித்தால்தான் அறியலாம். பிரித்துவிட்டாலோ பெட்டியின் அருமை போய்விடும். வாங்கியவர் விலை கொடுத்தது எதிர்பார்ப்புக்கே.

இதைக் கண்டு, பழையதெல்லாம் பொன் என எண்ணிவிடலாகாது. 1990ஆம் ஆண்டை ஒட்டிப் பல நிறுவனங்கள் போட்டியிட்டு அட்டைகளை அளவின்றி அச்சிட்டன. எதிர்கால முதலீடு எனக் கருதிப் பலரும் அவற்றைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தனர். எல்லோரும் பாதுகாத்த பொருளுக்கு அருமை ஏது? அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் சொற்ப விலைக்கே கிடைக்கின்றன. கிரெட்ஸ்கி அட்டையின் போலிகளும் சந்தையில் ஏராளம்.

நம் மண்ணில்

ஒலிம்பிக் ஹாக்கியில் எட்டுத் தங்கம் வென்ற நாடு நம்முடையது. 1980 மாஸ்கோவில் கடைசித் தங்கத்தை வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழகத்தின் வி. பாஸ்கரன். கனடாவைப் போன்ற அட்டை மரபு நம்மிடம் வேரூன்றவில்லை; எனினும் தபால்தலைகள் உண்டு. 1966 ஆசிய விளையாட்டு வெற்றிக்கும், 1980இல் தியான் சந்த் நினைவாகவும் அஞ்சல் துறை தபால்தலைகளை வெளியிட்டது. பழைய ஆட்டச்சீட்டுகள், அணிப் படங்கள், நிகழ்ச்சி நிரல்கள் ஆகியவை பல இல்லங்களின் பரண்களில் கிடக்கக்கூடும். பழைய காகிதக் கடைக்குப் போகுமுன் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

காத்தலும் கணக்கும்

கடலோர ஈரக்காற்று காகிதத்தின் பகை. அமிலமற்ற உறை, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், நேரடி வெயில் படாத இடம் ஆகியவை போதும். வாங்கிய ரசீதையும் இருபுறப் புகைப்படத்தையும் தனியே வைத்திருத்தல் வேண்டும். வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் ஒன்றை அறிய வேண்டும்: உள்ளிருக்கும் பொருளை வங்கி காப்பீடு செய்வதில்லை. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேரின் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கோடு நின்றுவிடும். விலையுயர்ந்த சேகரிப்புக்குத் தனிக் காப்பீடு தேவை.

சேகரிப்பு வட்டி தராது. அவசரத்தில் உடனே பணமாகவும் மாறாது. ஆகவே, குடும்பச் சேமிப்பை வைப்பில் நிலைநிறுத்தியபின் மிஞ்சும் தொகையில், விரும்பியதை மட்டும் வாங்குவோம். விலை உயர்ந்தால் ஆதாயம். உயராவிடினும் விருப்பமான பொருள் நம் கையில் இருக்கும்.