சீலிங்கில் பழைய நீர்க்கறை



ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சுவர் நிற்கும். ஆனால் சீலிங்கில் தேத்தண்ணி ஊற்றியது போல மண்ணிறக் கறை இருக்கும். அதைச் சுற்றிப் பூச்சு பொருக்கு விட்டுத் தொங்கும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது புதிதல்ல.

மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டைக்குக் களப்பணிக்காகப் போய்வருகிறேன். போர்த்துக்கேயர் வழிவந்தோர் வாழ்ந்த பழைய கத்தோலிக்க ஊர் அது. அந்தோனியார் கோவிலுக்கு உங்களிற் சிலரும் போயிருப்பீர்கள். வன்னியிலிருந்து வந்து, இரண்டு பிள்ளைகளோடு அங்கே வாடகைக்கு இருக்கும் அக்கா ஒருவர் தமது முன்னறையைக் காட்டினார். கொங்கிறீற் தட்டின் அடிப்பக்கத்தில் சிறுமணி சிறுமணியாகச் சீமெந்து தெளித்த பழைய வேலைப்பாடு. ஒரு மூலையில் பாயளவு கறை. பார்க்க வந்த மேசன், தட்டு முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும் என்றாராம். கேட்ட தொகை அக்காவின் மூன்று மாதச் சம்பளம். ஆம்பிளை இல்லாத வீடென்றால் கூலியும் ஒரு முழம் நீளும் என்பது நீங்கள் அறியாததா? பழுதானது அந்தப் பாயளவு இடம் மட்டுந்தான்.

பூச்சுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் திகதியை எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பெருமழைக்குப் பின்னும் கறை கோட்டைத் தாண்டவில்லை என்றால் ஒழுக்கு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். தாண்டினால் மேலே பார்க்க வேண்டும். தண்ணீர் போகும் துவாரத்தை இலைகுழை அடைத்திருக்கும், அல்லது தட்டில் வெடிப்பு இருக்கும். ஓட்டு வீடென்றால் ஓடு விலகியிருக்கும், பீலி உக்கியிருக்கும். பூச்சுக்குள் ஈரம் நிற்கிறதா என்று அறிய, ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

பிறகு கம்பொன்றால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கோறையாகச் சத்தம் கேட்கும் இடம் ஒருநாள் விழும். அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள். துரு நிறத்தில் நேர்கோடாக வெடிப்பு ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பை விடக் கூடுதலான இடம் பிடிக்கும். அதனால் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். அதற்கு நாம் கை வைக்கக்கூடாது, அனுபவமுள்ளவரைத்தான் அழைக்க வேண்டும்.

சுரண்டுவதற்கு முன் இன்னொன்று. உங்கள் சீலிங் தகடாக இருந்தால் அது அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார்த் தகடா என்று விசாரியுங்கள். அதைச் சுரண்டவோ துளைக்கவோ அரத்தால் தேய்க்கவோ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அதன் நார்த்தூசு நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகளின் பின்னும் புற்றுநோயாக வெளிப்படும். பிரித்தானியாவில் 1980கள் வரை சீலிங்கிற்குப் பூசிய ‘ஆர்டெக்ஸ்’ என்ற மணிப்பூச்சிலும் கல்நார் கலந்திருந்தது. லண்டனில் பழைய வீடு வாங்கிய உங்கள் உறவுகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அந்நாடு 1999இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. எமது நாடும் 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இருந்தது. 2017 டிசம்பரில் எமது தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. எமக்குக் கல்நார் விற்கும் நாடும் அதுவே! கட்டுப்பாடு கைவிடப்பட்டது. வண்டுக்கு இருந்த மதிப்பு எங்கள் நுரையீரலுக்கு இல்லை.

சீமெந்துப் பூச்சுத்தான் என்று நிச்சயமானால் நாமே செய்யலாம். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். தளர்ந்த பூச்சை நீர் தெளித்து நனைத்தே சுரண்டுங்கள், வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவிட்ட பின் வெளியே பூக்கும் வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும். கறை மேல் நேரடியாக நீர்ப் பெயின்ற் அடித்தால் மண்ணிறம் அதில் கரைந்து மறுபடி மேலே வரும். பலர் இரண்டு தரம் மூன்று தரம் அடித்துக் காசைக் கரைப்பது இங்கேதான். முதலில் எண்ணெய்ப் பிரைமர் அடித்துக் கறையை அடக்குங்கள்.

மணி வேலைப்பாட்டைச் சேர்ப்பதற்குச் சீமெந்தையும் மெல்லிய மணலையும் கூழாகக் கரைத்து, ஈர்க்குமாற்றை நனைத்துத் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு பலகையில் தெளித்துப் பழகுங்கள். கூழ் தண்ணியாக இருந்தால் வழியும், தடித்தால் கட்டியாக விழும். பிரைமர் அடித்து வழவழப்பான இடத்தில் சீமெந்து பிடிக்காது. அங்கே தடித்த பெயின்ற்றைப் பஞ்சால் ஒற்றி மணி எழுப்பலாம். பழைய பூச்சோடு ஓரம் முற்றாக ஒன்றாகாது. கடைசியில் சீலிங் முழுவதற்கும் ஒரே வெள்ளை அடித்தால் கண்ணுக்குப் படாது.

வாடகை வீடென்றால் தொடங்குமுன் வீட்டுக்காரருடன் பேசி, செலவை வாடகையில் கழிப்பதாக எழுதி வாங்குங்கள். கடைத் துண்டுகளை எறியாமல் வையுங்கள்.