குடல் நோயின் அடையாளங்கள்

மாதக்கணக்கில் நீடிக்கும் பேதியைச் 'சூடு' என்று ஒதுக்கிவிட்டுத் தறிக்கும் வயலுக்கும் செல்வது வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் நாம் காணும் வழக்கம். இந்நோயை அளந்தறிய வழியுண்டு.

1960-ஆம் ஆண்டையொட்டி அந்நாளைய வட ஆர்க்காடு ஜில்லாக் கிராமங்களில் 'ஸ்புரூ' என்னும் குடல் நோய் பரவிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பேக்கர், டாக்டர் மாத்தன் முதலியோர் அதனை ஆராய்ந்தனர். சைலோஸ் என்னும் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பின்னர் சேரும் சிறுநீரில் அதன் அளவைக் காண்பது ஒரு சோதனை. குடல் சரிவர உறிஞ்சாவிடில் அவ்வளவு குறையும். ஆனால், நோயற்றவராகத் தோன்றிய கிராமவாசிகள் பலரிடமும் அது குறைந்தே காணப்பட்டது! ஆகவே ஓர் எண்ணைக் கொண்டு நோயை முடிவு செய்தலாகாது. அவ்வூரில் நலமாயிருப்போரின் அளவோடு ஒப்பிட்டு, மலத்திற் கழியும் கொழுப்பு முதலிய பிற அளவுகளையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஒரு வரவினத்தை மட்டும் பார்த்துச் சங்கத்தின் லாப நஷ்டத்தைக் கூறுவாருண்டோ?

இன்று மலத்திலுள்ள கால்புரோடெக்டின் என்னும் புரதத்தை அளந்து குடல் அழற்சியை ஊகிக்கின்றனர். கணிப்பொறிகள் பல்லாயிரம் அளவுகளை ஒப்பிட்டுப் புதிய அடையாளங்களைத் தேடுகின்றன.

அங்கத்தினர்கள் செய்யவேண்டியது எளிது. பேதி 4 வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தம் கண்டால் உடனே செல்லுங்கள். சோதனைச் சீட்டுகளைப் பாஸ் புத்தகம்போல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த அளவை ஒப்பிட அவையே ஆதாரம்.