கண்ணாடித் தொட்டியில் ஒரு பவளத் தோட்டம்

பவளம் என்றவுடன் பாட்டியின் கழுத்தில் கிடக்கும் பவள மாலைதான் நம் நினைவுக்கு வரும். நவமணிகளுள் ஒன்றான அந்தச் செம்பவளம், மத்தியதரைக் கடலில் கிடைப்பதற்குப் பெயர் பெற்றது. நாம் இங்கே காணவிருப்பது அதன் உறவினரான கற்பவளம். நம் மன்னார் வளைகுடாவிலும் மற்ற வெப்பக் கடல்களிலும் பவளப்பாறைகளைக் கட்டி எழுப்புவது இதுவே.

பார்வைக்குக் கல்லாகவும் கிளை விரித்த செடியாகவும் தோன்றினாலும் கற்பவளம் ஒரு விலங்கு. பாலிப்புகள் எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி வாழும் கூட்டுக் குடும்பம் அது. ஒவ்வொரு பாலிப்பும் கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு தன் அடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியின் துணையால் உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன!

இத்தகைய உயிரை வீட்டுக்குள் வளர்க்க இயலுமா? இயலும் என்று வழி காட்டியவர்களுள் ஒருவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங். கடலடியில் கிடந்த, நுண்ணுயிர்கள் நிறைந்த கற்களைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்து, வெயிலும் படச் செய்தார். தொட்டியின் கழிவுகளை அந்த நுண்ணுயிர்களே மாற்றி நீரைத் தூய்மையாக்கின. இம்முறையை அவர் 1961-இல் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். இன்று அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளில் பலர் இதைப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அவர்கள் செய்யும் பணிகளைச் சிறிது பார்ப்போம்.

முதலாவது, நீர். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தொட்டியிலும் அதே அளவு இருக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதுபோல் தொட்டியிலும் நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகையால் நாள்தோறும் குறையும் அளவுக்கு உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது.

இரண்டாவது, ஒளியும் நீரோட்டமும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் மங்கலான இடத்தில் இருந்த பவளத்தைத் திடீரென்று பேரொளியில் வைத்தால் அது வெளிறிவிடும். நீரும் ஓரிடத்தில் தேங்கி நிற்கலாகாது. அலை புரள்வதுபோல் அசைந்தால்தான் பவளத்துக்குப் பிராணவாயு கிடைக்கும். அதன் மேலுள்ள கழிவும் அகலும்.

மூன்றாவது, சுண்ணாம்பு. ஒரு லிட்டர் நீரில் 400 முதல் 450 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்க வேண்டும். பவளம் வளர வளர இது குறையும். இதை ஈடுசெய்ய ஜெர்மானியர் கையாண்ட முறை நமக்குப் புதிதன்று. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுகின்றனர். அதன் காரம் கடுமையானது. ஒரேயடியாக ஊற்றினால் உயிர்கள் மடியும்.

நான்காவது, தூய்மை. பாகு காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கை வழித்தெடுப்போம் அல்லவா? அதுபோல் நீரில் நுண்குமிழிகளை எழுப்பி, நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி உண்டு. பவளங்களை நெருக்கி வைப்பதும் கூடாது. அமைதியாகத் தோன்றும் இவை இரவில் நீண்ட உணர்கொம்புகளை நீட்டி அண்டை வீட்டாரைக் கொட்டிவிடும்!

இவற்றுள் எது தவறினாலும் பவளம் வாடும். தொட்டி சிறிதாக இருந்தால் மாற்றமும் விரைவாக நேரும். எனவே பவளம் வளர்ப்போரின் வேலை முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்: நிலைமாறாமை.

நாமும் வளர்க்கலாமே என்று ஆசை எழுகிறதா? நம் கடலிலிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கற்பவளங்கள் 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. செத்த பவளத்தை அலங்காரப் பொருளாக விற்பதும் வாங்குவதும்கூடக் குற்றமே.

இச்சட்டத்தின் தேவையை மன்னார் வளைகுடாவே உணர்த்துகிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே அங்கு 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அரண் இழந்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. பிறகு வந்தது வெப்பம். கடல்நீர் வழக்கத்துக்கு மேல் ஓரிரு பாகை சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் கடலில் இவ்வாறு நடந்தது.

ஆனால் நம்பிக்கைக்கும் இடமுண்டு. பவளத்தின் கிளையொன்றை ஒடித்து நட்டால் அது புதிய பவளமாக வளரும். தொட்டியில் வளர்ப்போர் கையாளும் இதே முறையில் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் சிதைந்த பாறைகளின்மேல் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்து வருகின்றனர்.

தொட்டியில் நீர் சூடேறினால் குளிர்விக்க ஒரு கருவி போதும். கடலைக் குளிர்விக்க அப்படி ஒரு கருவி இல்லை. ஒரு சிறு தொட்டிக்கே இத்தனை பணியென்றால், இவ்வளவையும் கேளாமலே செய்துவரும் கடலின் அருமையை என்னென்பது! கடற்கரைக்குச் சுற்றுலா செல்கையில் விற்பனைக்கு நீட்டப்படும் வெண்பவளத்தை வேண்டாம் என்போம். பாறைமீது மிதிக்காமல் நடப்போம். வளைகுடாவின் பவளத் தோட்டத்துக்கு நாம் செய்யக்கூடிய பராமரிப்பு இதிலிருந்துதான் தொடங்குகிறது.