கருப்பைக்கு ஒரு காவல்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பல பெண்களுக்கு உடல் தகிக்கும், தூக்கம் கெடும். இதற்கு ஈஸ்ட்ரோஜன் கைகண்ட மருந்து. ஆனால் கருப்பை உள்ளவர்கள் அதை மட்டும் சாப்பிட்டு வந்தால், கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரக்கூடும். 1975-ல் அமெரிக்க ஆராய்ச்சிகள் இதை எடுத்துக் காட்டின.

அதற்குக் காவல், புரோஜெஸ்டிரோன். வாய்வழி சாப்பிட்டால் சிலருக்குத் தூக்கக் கலக்கம் உண்டாகும். பிறப்புறுப்பில் வைத்தால் மருந்து நேரே கருப்பையைச் சேரும், கலக்கம் குறையும்.

எண்ணெய்க் குளிகையை விரலாலேயே வைக்கலாம், ஆனால் கசியும். மெழுகு மாத்திரையும் உருகிக் கசியும். ஜெல் ஒட்டிக்கொண்டு மெல்ல மருந்தை விடும். சிலருக்குக் கட்டியாகப் படியும்.

ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. அளவை டாக்டரே சொல்ல வேண்டும். கசிகிறதென்று நிறுத்தினால் காவல் போய்விடும். எதிர்பாராமல் உதிரம் கண்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.