தெளிந்த நீரும் தேர்ந்த நீரும்

மழைநீரில் ஒரு பகுதி ஆறாக ஓடுகின்றது. ஒரு பகுதி ஆவியாகின்றது. பிறிதொரு பகுதி மண்ணிற் புகுந்து, பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி, நிலத்தின் அடியில் தங்குகின்றது. அதனை நிலத்தடி நீர் என்பர். மண்ணே வடிகட்டித் தருவதால் கிணற்று நீர் தூயது என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. இவ்வுண்மைக்குத் தருமபுரி மாவட்டம் தக்க சான்றாகும்.

தருமபுரி கடும்பாறைகள் நிறைந்த நிலப்பகுதி. அப்பாறைகளின் கனிமங்கள் சிலவற்றில் புளோரின் என்னும் தனிமம் கலந்துள்ளது. நீர் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும்பொழுது, அத்தனிமம் புளோரைடாகக் கரைந்து நீருடன் சேர்கின்றது. சிறிதளவு புளோரைடு பற்களுக்கு வலிமை தரும். மிகுதியான புளோரைடோ தீங்கு விளைக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் அது 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும், வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிறுவனம் வரையறுத்துள்ளது.

இவ்வளவு மிகுந்த நீரைத் தொடர்ந்து பருகும் சிறுவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிகின்றது. ஆண்டுகள் பல செல்ல, மூட்டுகள் இறுகுகின்றன; முதுகெலும்பு வளைதலும் உண்டு. இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1937ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. எலும்பிற் படிந்த கேட்டினை மருந்தால் மாற்றுதல் அரிது. ஆகவே, வருமுன் காத்தலே வழி.

காப்பது எங்ஙனம்? புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, அது கலந்திருப்பதை நாவும் அறியாது. நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது. மாறாக, நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு மிகும். சோதனை ஒன்றே அதனைக் காட்ட வல்லது. அருகருகே உள்ள இரு கிணறுகளின் நீரும் தம்முள் வேறுபடலாம். ஆதலின் ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் நோக்குக் கிணறுகளை அமைத்து, ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கின்றது. நீரின் மாதிரிகளையும் எடுத்துச் சோதிக்கின்றது.

நீரைக் கெடுப்பது பாறை மட்டுமன்று; மனிதனின் கவனக் குறைவும் கெடுக்கும். 2013ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையில், நிலத்தடியில் பதித்த எண்ணெய்க் குழாய் கசிந்து, குடியிருப்புகளின் நீரில் எரிபொருள் கலந்தது. பெட்ரோல் நீரினும் இலேசானது. ஆதலின் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். ஆயினும், அதிலுள்ள பென்சீன் சிறிதளவு நீரிற் கரைந்து, அந்நீரோடு நெடுந்தொலைவு பரவும். அது புற்றுநோயை உண்டாக்க வல்லது. இது பற்றியே, எரிபொருள் கசிந்த இடங்களைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, நீரின் மாதிரியைக் காலந்தோறும் சோதிக்கின்றனர். கசிவை விரைந்து கண்டால் பரவுமுன் தடுக்கலாம். காலந்தாழ்த்தினால் மண்ணைத் தூய்மைப்படுத்தவே ஆண்டுகள் பல ஆகும்.

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்ட மக்களின் இடர் நீக்க, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் தூய்மை செய்யப்பட்டுக் குழாய்கள் வழியே ஊர்களை அடைகின்றது. எனினும், குழாய் நீர் வாராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றையே மக்கள் நாடுவாராயின், திட்டத்தின் பயன் குன்றும். எக்கிணற்று நீர் பருகத் தக்கது, எது துணி துவைக்க மட்டும் தக்கது என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கண் தெளிவைக் காட்டும். சோதனையே தூய்மையைக் காட்டும். தம் ஊர்க் கிணற்று நீரின் சோதனை முடிவைக் கேட்டறிந்து இல்லத்தார்க்கு எடுத்துரைத்தல், மாணவர் ஊருக்குச் செய்யத்தக்க நற்பணியாகும்.