பிள்ளைத்தாய்ச்சிக்கு வரும் பிரசரும் கல்சியம் குளிசையும்

போன சம்பளத்தன்று பிரட்டுக்களத்துப் பக்கம் ஒருவர் போத்தல்களை அடுக்கி வைத்து விற்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம். "நாகம், செலனியம், செம்பு எல்லாம் இதில இருக்கு. பிள்ளைத்தாய்ச்சி குடிச்சா பிரசர் கிட்டவும் வராது" என்றார். இரண்டு வீடுகளில் கடன்பட்டு வாங்கியிருக்கிறார்கள். அதே வீடுகளில், கிளினிக்கில் சும்மா கொடுத்த கல்சியம் குளிசைகள் அலுமாரிக்கு மேலே பிரிக்காமல் கிடந்தன. அதைக் கண்ட பிறகுதான் இதை எழுத நினைத்தோம்.

கர்ப்பத்தில் வரும் இந்தப் பிரசர் ஐந்து மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும். டொக்டர்மார் இதைப் பிரிஎக்லாம்சியா என்பார்கள். குருதி அமுக்கம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் போகும். பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும். பிள்ளைக்குச் சத்துக் கொண்டுபோகும் நச்சுக்கொடி சரியாகப் பதியாததில்தான் தொடக்கம் என்கிறார்கள். பிறகு தாயின் இரத்தக்குழாய், சிறுநீரகம், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். முற்றினால் வலிப்பு. லயத்தில் அதைக் காத்து கருப்பு என்று சொல்லிப் பூசாரியைத் தேடி ஓடிய காலமும் உண்டு.

இனி போத்தல்காரர் சொன்னதைப் பார்ப்போம். அதில் பொய் மட்டும் இல்லை, கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. இந்த வருத்தம் வந்த தாய்மாரின் இரத்தத்தில் நாகமும் செலனியமும் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் குறைந்ததால் வருத்தம் வந்ததா, வருத்தம் வந்ததால் குறைந்ததா என்பது வேறு கேள்வி. நாகம் குளிசை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இந்தப் பிரசர் குறைந்ததாகத் தெரியவில்லை. செம்போ, நோயுள்ள தாய்மாரிடம் கூடுதலாக இருந்ததாகத்தான் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதைக் காசு கொடுத்து வாங்கி ஏன் குடிக்க வேண்டும்? நாகம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினொரு மில்லிகிராம் அளவில்தான் தேவை. செலனியம் அதிலும் எவ்வளவோ குறைவு. முட்டை, மீன், பருப்பு, கடலை சாப்பிட்டால் இவை சேரும்.

கல்சியத்தின் கதை வேறு. அது ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் வேண்டும். நம் சாப்பாட்டில் அது எங்கே இருக்கிறது? காலையில் ரொட்டியும் சம்பலும், மலையில் சாயத்தண்ணி, இரவில் மறுபடி ரொட்டி. மாடு வளர்க்கிற வீட்டிலும் பால் முழுவதும் விற்பனைக்குப் போகிறது. ஒரு கிளாஸ் பாலில் கிட்டத்தட்ட 240 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த ஒரு கிளாஸையாவது ஒதுக்கக் கூடாதா? முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, முருங்கைக் கீரை, குரக்கன், எள்ளு இவற்றிலும் உண்டு.

கல்சியம் குறைவாகச் சாப்பிடும் தாய்மாருக்குக் குளிசை கொடுத்தால் இந்த வருத்தம் வருவது குறையும். இதைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2011இல் 1500 முதல் 2000 மில்லிகிராம் வரை கொடுக்கச் சொன்னது. 2024இல் வெளிவந்த இந்திய, தன்சானிய ஆய்வுகளில் 500 மில்லிகிராமும் இந்தப் பிரசரைத் தடுப்பதில் 1500க்குச் சளைக்கவில்லை. ஆகவே "இந்தச் சின்னக் குளிசை என்ன செய்யும்" என்று ஒதுக்க வேண்டாம். எத்தனை போடுவது என்பதை மிட்வைப் அம்மா சொல்லும்படி செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கல்சியத்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, ஒன்று மற்றதை உடம்பில் சேர விடாது. கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடும் இரும்புச்சத்தை இரவிலும் போடலாம். இரும்புச்சத்தைத் தேத்தண்ணியோடு விழுங்குவது வீண். நாம் பறிக்கிற கொழுந்தின் சாயமே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சைத்தண்ணி போதும்.

குளிசையை ஒழுங்காகப் போட்டவளுக்கும் பிரசர் வரலாம். முதல் பிள்ளை, இரட்டைப் பிள்ளை, முன்பு இந்த வருத்தம் வந்தவர், சீனி வருத்தம் உள்ளவர் ஆகியோருக்கு ஆபத்து கூட. அதனால்தான் கிளினிக். மேல் லயத்து மருமகள் ஒருத்தி எட்டாம் மாதத்தில் "ஒரு பேர் போயிரும்" என்று கிளினிக் போகாமல் கொழுந்துக்குப் போனாள். முகம் வீங்கியது, விரலில் மோதிரம் கழலவில்லை. "நீர்தான்" என்று மாமியார் பார்லித் தண்ணி காய்ச்சிக் கொடுத்தார். இரண்டு நாள் தலையிடி. மூன்றாம் நாள் கண் மங்கி, நெஞ்சுக்குழியில் வலி வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். பிரசர் 170க்கு 110. தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. அந்த மாமியார் இப்போது யாரைக் கண்டாலும் "கிளினிக் போனியாம்மா?" என்றுதான் கேட்கிறார்.

ஆஸ்பத்திரியில் வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி ஏற்றுவார்கள். நம் பெரியவர்கள் குடித்த பேதி உப்பும் அதுதான். 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அந்த ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. அதற்காக வீட்டில் கரைத்துக் குடிக்க வேண்டாம், பேதிதான் போகும்.

கடும் தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீரென்று முகம் கை வீக்கம், இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேல் லயத்துக்கு வண்டி ஏறாது. ஆகவே கோயிலடிக்கு வரச் சொல்லிவிட்டு, தாயை நடக்க விடாமல் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி இறக்குங்கள். கிளினிக் அட்டையையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.